எங்கள் காருக்கு வந்த நடுக்கம்

மலாயா றெயில்வேயில் உழைத்துப் பென்சனோடு இணுவிலுக்குத் திரும்பியதும் நான் ஒரு பழைய மோட்டார்க்கார் வாங்கினேன். வாங்கிய அன்றே ஒரு பிரதிக்கினையும் எடுத்தேன். காரை அநாவசியமாக ஓட்டுவதில்லை. அவசியத்துக்கும் ஓட்டுவதில்லை. ஓடினால் தேயும்.

காலையில் துடைப்பேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அதன் சங்கீதத்தைக் கேட்பேன். பிறகு பழைய வேட்டியால் போர்த்துவிடுவேன். என் மனைவி கனகாம்பிகைக்குப் பண்டத்தரிப்பில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மாட்டுவண்டில்தான்.

"காரை வைச்சுக்கொண்டு வண்டிலிலை போனால் சனம் சிரிக்குமெல்லே?"

"சிரிச்சால் சிரிக்கட்டும். சிரிப்புக்கு டயர் தேயாது."

போன மாதம் தமக்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. வண்டில் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வார்த்து, பந்தியும் முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்த கனகாம்பிகை என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். புத்தியுள்ள புருஷன் என்றால் பயந்திருப்பான்.

ஒரு திங்கட்கிழமை காலை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். கார் முழுவதும் ஆடியது. மட்காட் ஆடியது. ஹோண் ஆடியது. கார்க் கொட்டிலின் கூரையில் வேய்ந்திருந்த கிடுகுகூடக் கிடுகிடுத்தது.

"என்னப்பா, காருக்குக் குளிர்காய்ச்சலோ? கொயினா மருந்து குடுத்துப் பாருங்கோவன்" என்றாள் கனகாம்பிகை.

"நீ விலகு. இது எஞ்சின் வேலை. நான் றெயில்வேயிலை இருந்தனான்."

"டிக்கட் குடுத்துக்கொண்டல்லோ இருந்தனீங்கள்?"

"எஞ்சினுக்குக் கிட்ட இருந்துதான் குடுத்தனான்!"

பிளக்குகளைக் கழற்றி மினுக்கினேன். ஆடியது. காபரேற்றரைக் கழுவினேன். ஆடியது. எந்தப் பிளக் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓட ஓட ஒரு வயரைப் பிடுங்கினேன். ஷொக் அடித்தது. காரோடு சேர்ந்து நானும் ஆடினேன்.

பக்கத்து வீட்டுச் சோமசேகரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, நிக்கேக்கை மட்டுந்தான் ஆடுதோ, ஓடேக்கையும் ஆடுதோ?"

"தெரியாது."

"ஓடிப் பார்த்தால் தெரியுந்தானே!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் ஒரு பட்டுச்சேலையும் வந்தது.

"நீ எங்கை வெளிக்கிட்டனீ?"

"வெறுங்காரை ஓட்டி என்னத்தைக் காணப்போறியள்? பாரம் ஏத்தினால் எப்பிடி ஆடுதெண்டும் பார்க்க வேணுமெல்லோ? நான்தான் பாரம்."

இருபது வருஷமாக நான் சொல்லப் பயந்ததை அவளே சொல்லிவிட்டாள். நியாயமாகவும் இருந்தது. பாரத்தை ஏற்றிக்கொண்டு பண்டத்தரிப்பு வரைக்கும் ஓடினேன். போகும் வழியெல்லாம் ஆடியது. எஞ்சின் ஆறட்டும் என்று தமக்கை வீட்டில் பின்னேரம் வரை இருந்தோம்.

அடுத்த நாள், "கல்லு றோட்டிலை ஆடுது, சரி. மணலிலை?" என்று கேட்டாள். வல்லிபுரக் கோயிலடி மணலுக்குப் போனோம். மணலிலும் ஆடியது. அவள் கும்பிட்டு முடிய, நான் காரைத் தள்ளி முடித்தேன். அதற்குப் பிறகு கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா என்று கீரிமலைக்கு. அவள் கேணியில் முழுகினாள். நான் எண்ணெயில் முழுகினேன். கடைசியில் "பாரம் காணாது" என்று தமக்கையையும் பிள்ளைகளையும் ஏற்றி நல்லூருக்கு விடச் சொன்னாள்.

என்னோடு இருந்து இருந்து இவளுக்கும் எஞ்சின் அறிவு வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை சாக்கை விரித்துக் காருக்குக் கீழே படுத்தேன். கண்டேன்! எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் நட்டு ஒன்று, விரலாலேயே சுற்றக்கூடிய அளவுக்கு இளகிக் கிடந்தது. நோயாளிக்கு ஒன்றுமில்லை, கட்டில்தான் ஆடியிருக்கிறது!

"கண்டுபிடிச்சிட்டன்! மறை கழண்டு போச்சு!" என்று கத்தினேன்.

"ஆருக்கண்ணை?" என்று சோமசேகரம் வேலிக்கு அப்பால் பதறினார்.

நட்டை இறுக்க ஸ்பானரைத் தேடினேன். பெட்டியில் அந்த அளவு ஸ்பானர் மட்டும் இல்லை.

"கனகம், பெரிய ஸ்பானரைக் கண்டனியோ?"

அவள் அடுக்களைக்குள் போனாள். கூழுக்கு வைத்திருந்த ஒடியல்மாத் தகரப் பேணிக்குள் கையை விட்டாள். ஸ்பானரை எடுத்து, மாவை ஊதிவிட்டு, என் கையில் தந்தாள்.

நட்டை இறுக்கினேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். கார் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் என் மூளை ஸ்டார்ட் ஆனது.

"இஞ்சேர், ஸ்பானர் ஏன் ஒடியல்மாவுக்குள்ளை கிடந்தது?"

கனகாம்பிகை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அதை விடுங்கோ. வாற புதன்கிழமை சாவகச்சேரியிலை என்ரை மச்சாளின்ரை மகளுக்குக் கலியாணம். நல்ல காரிலை கூட்டிக்கொண்டு போறியளோ, இல்லாட்டி நான் இன்னொருக்கால் ஸ்பானரோடை காருக்குக் கீழை படுக்க வேணுமோ?"