ஜாடியில் வளராத மருந்து

ஆயுசுக்கும் மாத்திரை தொடமாட்டேன் என்று ஒரு திங்கட்கிழமை காலை, வாயில் பற்பசை நுரையோடு சபதம் செய்தேன். கேட்டது என் மனைவி மட்டும். எனக்கு அந்தக் கூட்டமே அதிகம்.

விஷயம் இதுதான். ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இருநூற்று எழுபது. டாக்டர் மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே ஏறி நின்றுவிட்டதைக் கீழே இறக்குவதுதான் பிழைப்பு. இதை இறக்க எனக்கு மாத்திரை வேண்டுமா?

வீம்பு வெளியே காட்டத்தான். உள்ளே பயம். அண்ணன் தலைமாட்டில் பத்து மாத்திரை டப்பா இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டார். ஒன்றை விழுங்கினால் நானும் அவர் பின்னால் வரிசையில் நிற்பதாகத் தோன்றியது.

அப்போதுதான் பத்திரிகையில் படித்தேன். புளிக்கவைத்த அரிசியில் வளரும் ஒரு சிவப்புப் பூஞ்சை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளைத் தானே உண்டாக்குகிறதாம். உடனே பூஞ்சை ஏற்றிய விதை அரிசி ஒரு பொட்டலம் தபாலில் வரவழைத்து, வெந்த சோற்றோடு கலந்து ஜாடியில் மூடி வைத்தேன்.

"வீட்டுல வளர்த்தா மருந்தோட விஷமும் சேர்ந்து வளரலாம்னு மருந்துக்கடைக்காரர் சொல்றாரு," என்றாள் மனைவி. அவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். ஈஸ்டோடு பதினைந்து வருஷப் பழக்கம்.

"உனக்குத் தெரிஞ்சது ஈஸ்ட். இது வேற."

"சரி, மாத்திரையப் பழைய பேப்பர் கூடையில போட்டுடறேன்."

இவ்வளவு சீக்கிரம் தோற்றுவிட்டாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

பத்து நாளாயிற்று. ஜாடியில் சிவப்பு வரவில்லை. சாம்பல் நிறத்தில் முடி முளைத்தது. மூடியைத் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை. தோற்றேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, சாகவும் மனசில்லை. அவள் வேலைக்குப் போனதும் கூடையைத் துழாவினேன். மாத்திரைகள் சுத்தமான கவரில் இருந்தன. பத்து நாள் பேப்பருக்கு மேலே அவை எப்படி வந்தன என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அன்றுமுதல் தினமும் அவள் கண்முன் ஒரு கரண்டி அரிசியோடு பால்கனிக்குப் போவேன். அரிசி பூந்தொட்டிக்கு, மாத்திரை எனக்கு. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ருசித்த முகத்தோடு உள்ளே வருவேன்.

மூன்று மாதம் கழித்து நூற்று எழுபது. டாக்டர் கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூஞ்சையின் பெருமையைக் கால்மணி நேரம் அளந்தேன். அவள் துணி மடித்தபடி கேட்டாள். எண்ணைச் சொன்னதும் கை நின்றது. கண் கலங்கியிருந்தது. அண்ணன் போன நாளிலிருந்து அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அந்த விதை அரிசியில முதல் நாளே கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டேங்க," என்றாள். "ஈஸ்டோ பூஞ்சையோ, கொதிச்சா தாங்காது. நீங்க சொன்னா கேக்கமாட்டீங்க, தோத்தாத்தான் கேப்பீங்க. இந்த மாத்திரைக்கும் மூலம் ஒரு பூஞ்சைதானாம், அதனால வருத்தப்படாதீங்க."

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அடுத்த மாச மாத்திரை வாங்கிட்டேன். இதையும் பேப்பர் கூடையிலயே போடட்டுமா, இல்ல மேசைமேல வெக்கலாமா?"