எவரிஸ்தோ பிடித்த வால்

இந்த முறை வாலைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று எவரிஸ்தோ முடிவு கட்டிவிட்டான். மேற்கு மலைக்கு மேல் அந்தியில் ஒரு வால்நட்சத்திரம் வந்து நின்றது. வியா தெ லேய்வா ஊர்ச் சதுக்கத்திலோ, நல்ல கொமெத்தா படத்துக்குப் பரிசு என்று ஊர்ச்சபை எழுதி ஒட்டியிருந்தது. வால்நட்சத்திரத்துக்கு அங்கே கொமெத்தா என்று பேர். பட்டத்துக்கும் அதே பேர்தான். எவரிஸ்தோவுக்குக் கண் வானத்தில் இருந்தது.

முதல் வேலையாக மொட்டை மாடித் துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டினான். ஈரத்துணியெல்லாம் வீட்டுக்குள் வந்து நாற்காலிக்கு நாற்காலி உட்கார்ந்துகொண்டது.

"குழந்தை துணி காயவே மாட்டேங்குது," என்றாள் அவன் மனைவி நோஹோரா. "ஊர்ப் பெரிய மனுஷங்களுக்கு வால் பிடிச்சது போதாதா? வானத்துக்கு வேறயா?"

"கொடி குறுக்க வந்தா படம் கெட்டுடும். உனக்கு எங்க புரியும்?"

"மாடியை எப்பத்தான் தருவீங்க?"

"பரிசு வாங்குறவங்களுக்கு மாடி. போதுமா?"

"யாரு வாங்கினாலுமா?"

"யாரு வாங்கினாலும்!"

இருட்டத் தொடங்கினால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். நாய் ஓடினால் ஒரு படம் ஆடும். அவனே தும்மினால் இன்னொன்று. கடைசியில், காற்று அடங்கிய ஓர் அந்தியில், வெள்ளை வால் தெளிவாக விழுந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நோஹோராவும் ஒரு படம் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மகள் விட்ட மஞ்சள் பட்டம், போனில் எடுத்தது.

"பட்டத்தையா அனுப்பினே?" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இருக்கட்டுமே, போய்ட்டு வரட்டும்," என்றாள்.

சதுக்கத்து ஒலிபெருக்கி முதல் பரிசுக்கு அவள் பேரைச் சொன்னது. நடுவர் ஒருவர் எவரிஸ்தோவின் தோளைத் தட்டினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பட்டம்தான் ரொம்ப தூரம் போயிடுச்சு. நூலே தெரியல."

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான். "பட்டத்தைத்தான் கேக்குறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆகஸ்ட் மாசம் ஊரே நூலைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. வேற எதைக் கேப்பாங்க?"

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"போட்டிக்கு நிக்கிறவகிட்டயா யோசனை கேக்குறது?"

மறுநாள் காலை எவரிஸ்தோ மாடியில் கொடி கட்டிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் தாழ்த்தியே கட்டுங்க. வால்நட்சத்திரம் வால் சிக்கி நின்னுடப் போகுது!"