பன்னிரண்டு திரையும் ஒரு கரும்புத் தோகையும்

வெங்கடேசனுக்கு ஒன்பது வருஷமாக ஒரு மனக்குறை உண்டு. அவன் வீட்டுக்கு டிவி வாங்கி வந்த அன்று, அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அக்கா வீட்டுக்காரர் தங்கதுரை வாசலில் நின்று பெட்டியில் அச்சடித்திருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தார். கீழிருந்து மேலாக இன்னொரு தரம் படித்தார். பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி அவன் தோளில் கை வைத்து, "அவசரப்பட்டுட்டியே மாப்ளே" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் அந்த டிவியில் எது ஓடினாலும், அதன்மேல் அந்த ஒரு வார்த்தையும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். 'விசாரித்து வாங்குகிறவர்' என்று இந்த இனத்துக்குப் பெயர். பெயரில் பாதிதான் உண்மை. விசாரிப்பார்.

தங்கதுரைக்குக் கச்சிராயபாளையத்தில் மூன்று ஏக்கர் கரும்பு. கரும்பு வெட்ட ஆள் பிடிப்பதில் அவரை மிஞ்ச முடியாது. பத்து நிமிஷத்தில் முடிப்பார். ஆனால் வீட்டுக்கு ஒரு சாமான் என்றால் ஆள் மாறிவிடுவார். மிக்சி வாங்கப் பதினொரு மாதம் விசாரித்தார். அதுவரை அவர் மனைவி கொளஞ்சியம்மாள் அம்மியில்தான் அரைத்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு போய்க் கேட்டால், அந்த மாடலே நின்றுபோய் நாலு மாதமாகிவிட்டது. வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், "பாத்தியா, அப்பவே வாங்கியிருந்தா இப்ப ஸ்பேரு கெடைக்காம அலைஞ்சிக்கினு இருப்போம்" என்றார். இந்த இனத்தை நீங்கள் ஒருநாளும் ஜெயிக்க முடியாது.

பொங்கலன்று அவர் வீட்டுப் பழைய டிவி, பெட்டி மாதிரி பின்புறம் புடைத்த டிவி, 'டப்' என்று நின்றுபோனது. ஆறு மாதம் போனது. புதுசு வரவில்லை. கொளஞ்சியம்மாள் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஆடி மாதம் ஒரு சேதி வந்தது. விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிற அவர்களின் ஒரே மகள் இலக்கியா, மாநிலக் கபடியில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள டிவி வந்தாவணும்" என்றார் கொளஞ்சியம்மாள். "எம் பொண்ணு ஆடுறத எங்க வூட்ல உக்காந்து நான் பாக்கணும்."

"வரும்டி. விசாரிச்சிக்கினுதான இருக்கேன்."

"என்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப மட்டும் அரை நாள்ல முடிச்சிட்டீங்க?"

"அப்ப எனக்கு வெவரம் கம்மி."

வெங்கடேசன் பக்கத்தில்தான் இருந்தான். எதற்கு வம்பு என்று, "எங்க வூட்டுக்கு வந்து பாருங்களேன் மாமா" என்றான்.

"உன் டிவியில பச்சை வெளுத்துடும் மாப்ளே. எம் பொண்ணு டீம் சட்டை பச்சை."

"அப்ப போன்ல பாத்துடலாமா?"

"போன்லயா? எம் பொண்ணு கட்டைவெரல் ஒசரத்துக்குத் தெரிவா. அஞ்சே முக்கால் அடி பொண்ண வளத்துட்டு அப்படிப் பாக்கணுமா நான்?"

கவனியுங்கள், இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. பணம் பீரோவில் தயாராக இருந்தது. பாசத்துக்கும் குறைவில்லை. அந்தப் பாசம்தான் ஆளை இந்தப் பாடு படுத்தியது. மகள் தெரிந்தால் போதாது, மகள் மாதிரியே தெரிய வேண்டும்.

அந்த வாரம் டீக்கடையில் அவர் பாடம் நடத்தினார். எல்லாம் யூடியூபில் படித்தது. "எல்.இ.டி.ன்னா இன்னா? ஈர வேட்டியக் கட்டித் தொங்கவுட்டு பின்னாடி டியூப்லைட்டு போட்ட மாதிரி. கருப்பு வர்ற எடத்துலயும் வெளிச்சம் கசியும். க்யூ.எல்.இ.டி.ன்னா அதே வேட்டி, சாயம் மட்டும் ஒசத்தி. மினி எல்.இ.டி.ன்னா ஒரு டியூப்லைட்டு இல்ல, சீரியல் லைட்டு. எடத்துக்கு எடம் அணைச்சிக்கலாம். ஓ.எல்.இ.டி. அப்படி இல்ல. வேட்டியும் கெடையாது, லைட்டும் கெடையாது. புள்ளிக்குப் புள்ளி தானே எரியும், தானே அணையும். கருப்புன்னா சுத்தக் கருப்பு."

"அப்ப அதயே வாங்கிடு மாமா" என்றான் கடையில் இருந்த ஒருவன்.

"எப்படிரா? சேனல் முத்திரை மூலையில ஒரே எடத்துல நின்னுக்கினே இருந்தா, நாளாவட்டத்துல தழும்பாயிடுமாம். அது மட்டுமா, நம்ம வூட்ல மேற்கால ஜன்னல். நாலு மணி வெயிலு நேரா அடிக்கும். அதுல இந்தக் கருப்பு எங்க நிக்கும்?"

கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் டிவியின் மூலையைத் தடவிப் பார்த்ததாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை காலை வெங்கடேசனின் வண்டியில் இருவரும் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார்கள். தங்கதுரை தன் கொல்லையிலிருந்து ஒரு கரும்புத் தோகையை அறுத்துக் கையில் பிடித்திருந்தார். "இலக்கியா சட்டையும் இதே பச்சை. கடையில போடுற படத்த நம்பாத மாப்ளே. அது வெளிநாட்டுக் காடு. அந்தக் காட்டோட பச்சை இன்னான்னு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? இது நம்ம பச்சை."

முதல் கடையில் ஒவ்வொரு திரையோடும் தோகையை ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் நடந்து பார்த்தார், வலது பக்கம் நடந்து பார்த்தார். வீட்டில் பாயில் படுத்துத்தான் டிவி பார்ப்பார் என்பதால், கடைத் தரையில் துண்டை விரித்துப் படுத்தும் பார்த்தார். இருபது வருஷமாக அங்கே விற்பனை பார்க்கும் கலையரசன் தலைமாட்டுக்கு ஒரு அட்டைப் பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். இந்த இனத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது கடைக்கு வரும்போது மணி இரண்டு. வெயிலில் வந்த தோகை சுருண்டு வெளுத்திருந்தது. தங்கதுரை அதைத் திரையோடு ஒட்டிப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார். "இதுலயும் பச்சை ஜாஸ்தி."

"மாமா, டிவியில ஜாஸ்தி இல்ல. தோகை காஞ்சிடுச்சி."

"அதத்தான சொல்றேன். நெஜப் பொருள்னா காயும். இவன் காட்டுறதுல ஏதாவது காயுதா பாரு."

சனிக்கிழமை புதுத் தோகை, ஈரத்துணி சுற்றி. அதே கடைகள், அதே துண்டு. இப்படியாக ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது, டிவி வரவில்லை. "கடையிலயே மேட்ச்ச ஓடவுட்டுப் பாத்துட்டு, அங்கியே ஒண்ண எடுத்துடலாம்" என்றார் தங்கதுரை. கொளஞ்சியம்மாள் புடவை மாற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். ஆண்கள் இருவரும் வெங்கடேசனின் வண்டியில் போனார்கள். சொந்த மகளின் ஆட்டத்தையே கடையில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் கடைக் கலையரசன் நல்ல மனுஷன். சுவரில் இருந்த பன்னிரண்டு டிவியிலும் ஆட்டத்தைப் போட்டுவிட்டார். கொளஞ்சியம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்து, எதிரே கிடைத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அது எந்த ரகம் என்று அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு இலக்கியாக்கள் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

தங்கதுரை தோகையோடு சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார். மூன்றாவதில் சட்டை கொஞ்சம் நீலம் அடித்தது. நாலாவதில் மஞ்சள் அடித்தது. ஏழாவதில் சட்டை சரி, ஆனால் மகள் ஓடும்போது கால் இழுபட்டு வால் மாதிரி தெரிந்தது. எட்டாவதுக்குப் போனார். மறுபடி ஏழுக்கு வந்தார். ஆட்டம் முடிய அரை நிமிஷம். இலக்கியா கடைசி ரெய்டுக்குப் போனாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். "விடாதடி! விடாத!" என்று கொளஞ்சியம்மாள் அலறினார். தங்கதுரை குனிந்து பதினோராவது திரையின் மூலையில் கருப்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரும்போது பன்னிரண்டிலும் சோப்பு விளம்பரம் ஓடியது. கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். ஜெயித்த அழுகையா, தோற்ற அழுகையா என்று தங்கதுரைக்கு விளங்கவில்லை.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. கொளஞ்சியம்மாள் மகளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனைப் புருஷனிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க, எப்படி ஆடுனான்னு."

"அப்பா, அந்தக் கடைசி ரெய்டு பாத்தியாப்பா?"

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அந்தப் பெண் ஜெயித்தாளா என்பதற்கு முன்னால், கடைசியில் எந்த டிவிதான் நல்லதாம் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இது தொற்றும். வெங்கடேசனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் ஐந்தாவதாக இருந்தது அவன் வீட்டு டிவியின் ரகம். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் அதையும் பக்கத்தில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தான் அவசரப்பட்டோமா இல்லையா என்று கணித்துக்கொண்டிருந்தான்.

இது தெரியாத தங்கதுரை, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வாடிப்போன தோகையை அவன் கையில் திணித்து, பெண்டாட்டிக்குக் கேட்காதபடி கெஞ்சினார்:

"மாப்ளே, நீ பாத்தல்ல? அவ இன்னா பண்ணான்னு சீக்கிரம் சொல்லுடா."