ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று வேண்டும்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை மாலை.

கர்த்தருக்குள் அன்பான கிறிஸ்டினா அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி ஏஞ்சல் எழுதுவது.

ஒரு பொருள் நமக்குத் தேவையா, இல்லையா என்பதை எப்படித் தீர்மானிப்பது? எனக்குத் தெரியவில்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, இது தேவை, இது விருப்பம் என்று விளக்கி வருகிறேன். அவர்களும் எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் யாராவது ஒரு பொருளை என் முன்னால் நீட்டி, இது எந்தக் கட்டம் என்று கேட்டால்தான் விழிக்கிறேன். நலம் விசாரிக்காமல் கேள்வியோடு ஆரம்பித்ததற்கு மன்னியுங்கள். நீங்களும் அண்ணனும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தம்பியும் மகள் மெர்சியும் நானும் தேவ கிருபையால் நலம். என் வலது தோள் மட்டும் அந்தக் கிருபைக்குச் சற்று வெளியே நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் அத்திப்பட்டிலிருந்து பேசினால் இங்கே பக்கத்து அறைக்கும் கேட்கும். பேச வேண்டியது பக்கத்து அறையில் இருப்பவரைப் பற்றி. அதனால்தான் கடிதம். எங்கள் பள்ளி நந்தினி டீச்சர் தினமும் உங்கள் ஊரிலிருந்துதான் ரயிலில் வருகிறார். திங்கட்கிழமை அவரிடம் கொடுத்தால் அன்று மாலையே உங்கள் கைக்கு வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எடுக்கப் பரணில் ஏறினேன் அக்கா. நட்சத்திரம் கிடைப்பதற்கு முன்னால் பிரிக்காத பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் முட்டை அவிக்கும் கருவி, ஒன்றில் காலைப் பிசைந்துவிடும் கருவி, ஒன்றில் காய்கறியைப் பூவாக வெட்டும் கருவி. கல்யாண மண்டபத்தில் நடந்த வீட்டு உபயோகப் பொருள் விற்பனையில் வாங்கியது ஒன்று, போனில் தள்ளுபடி என்று வந்ததும் வாங்கியது மற்றவை. யார் வாங்கியது என்று கேட்டதற்கு மூவருமே மற்ற இருவரைக் காட்டினோம். புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "இந்த வருஷம் வேண்டாததை வாங்கக் கூடாது, செலவைக் குறைக்கணும்" என்றேன். வரும் மே மாதம் அவருக்கு ஓய்வு, மெர்சிக்கு இன்னும் படிப்பு இருக்கிறது என்ற எண்ணத்தில் சொன்னது. சபை முழுவதும் தீர்மானங்கள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். பத்து நாளில் மறந்துபோகும் என்றுதான் நினைத்தேன். உங்கள் தம்பி நின்று, "அத நா பாத்துக்கறேன், உடு" என்றார்.

முப்பது வருஷமாகக் கம்பெனி ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவர் 'பார்த்துக்கொள்கிறேன்' என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சமையலறை மர அலமாரிக்குப் பூட்டு. சோப்பு, பேஸ்ட், விளக்குமாறு, பல்பு, பிஸ்கட், தீப்பெட்டி எல்லாம் உள்ளே. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அலமாரி திறக்கும். முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். கம்பெனியில் கிழிந்த கையுறையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுக் கையுறை கொடுப்பார்களாம். அதே சட்டம் வீட்டுக்கும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது. தேய்ந்த சோப்புத் துண்டைக் காட்டினால் புது சோப்பு. பேஸ்ட் டியூபைக் கொடுத்தால் அதை வாங்கி, மேசை விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, "இன்னும் ரெண்டு நாளு வரும்" என்று திருப்பித் தருவார். மெர்சி முதல் நாளே வெங்காயத்துக்காகப் போய் நின்றாள்.

"வெங்காயத்துக்கு இன்னா பண்றது நைனா? தோலக் கொண்ணாந்து குடுக்கட்டா?"

அவர் உண்மையாகவே யோசித்தார் அக்கா. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "திங்கற சாமானுக்கு ரூல் கெடையாது" என்றார். "அப்ப பிஸ்கட்டு?" என்றாள். "பிஸ்கட்டு கவர்ல வருது. அதுக்கு ரூல் உண்டு."

இந்த பிஸ்கட் சட்டம் ஒருநாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது சிக்கலில் கொண்டு விட்டது. கொடுக்கப் பழைய கவர் இல்லாததால் உங்கள் தம்பி தம் பொறுப்பில் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். பாஸ்டர் கடைசி பிஸ்கட்டை எடுத்ததும், இவர் வெறும் கவரை அவர் கையிலிருந்தே பணிவாக வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, உடனே கண்ணை மூடி இந்தக் குடும்பத்தின் தேவைகள் எல்லாம் சந்திக்கப்பட வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். மறு ஞாயிறு சபையில் இரண்டு பேர் என்னிடம் தனியாக வந்து, ஏதாவது உதவி வேண்டுமா டீச்சர் என்று கேட்டார்கள். குளியலறை பல்பு வெடித்தபோது கொடுப்பதற்குப் பழைய பல்பே இல்லை, கண்ணாடித் தூள்தான் இருந்தது. சில நாள் இருட்டிலேயே குளித்தோம். அப்புறம் மெர்சி குப்பையைக் கிளறி, பல்பின் தகரத் தொப்பியைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் ஸ்டூலின் மேல் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்ம பல்புதான்" என்று ஒப்புக்கொண்டு புதியதைக் கொடுத்தார்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட்டவள் நான்தான். ஆனால் செலவு குறைந்திருக்கிறது. பொங்கல் தள்ளுபடி, குடியரசு தினத் தள்ளுபடி எல்லாம் போனில் வந்து கூவிவிட்டுப் போயின. ஒரு பெட்டிகூட வீட்டுக்குள் வரவில்லை. பரணில் இருந்தவற்றில் முட்டைக் கருவியை மட்டும் தினமும் பயன்படுத்துகிறோம். மற்றவற்றை சபை விற்பனைக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே அவற்றை வாங்கியவர்கள் முகத்தில் நல்ல மகிழ்ச்சி.

கன்னியம்மா நின்றதில்தான் இடறியது. எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கன்னியம்மாவை உங்களுக்குத் தெரியுமே. போன மாதம் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். சிப்காட்டில் பேக்கிங் வேலையாம்.

"கம்பெனி பஸ்ஸு தெரு மொனைக்கே வருது டீச்சரம்மா. நாஷ்டா அவங்களே குடுத்துர்றாங்கோ. உங்கள உட்டுட்டுப் போறதுதான் பேஜாரா கீது."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போய்விட்டு வா என்று அனுப்பினேன். அவளுக்குப் பதிலாக ஆள் தேடியபோதுதான் தெரிந்தது, எங்கள் தெருவில் துணி துவைக்கத் தெரிந்த அத்தனை பேரும் அதே பஸ்ஸில் போகிறார்கள். மெர்சி விடிவதற்குள் காலேஜ் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புகிறாள். உங்கள் தம்பி துவைக்க மாட்டார் என்று சொல்ல மாட்டேன். துவைப்பார். ஆனால் சோப்பை மிச்சம் பிடித்துத் துவைப்பார். அதை நான் மறுபடி துவைக்க வேண்டும். ஆக மூன்று பேர் துணியும், போர்வையும், அவருடைய தடித்த யூனிஃபார்மும் என் கைக்கு வந்தன. முதலில் தோள் வலித்தது. பிறகு கை தலைக்கு மேல் போகவில்லை. கரும்பலகையில் பாதி உயரத்துக்குக் கீழேதான் இப்போது எழுதுகிறேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். டாக்டர் தோள் இறுகிவிட்டது என்றார். துணி பிழிவது, வாளி தூக்குவது இரண்டும் கூடாது, அப்படியே விட்டால் கை நிரந்தரமாக நின்றுவிடும் என்றார்.

நானும் முறைப்படியே போனேன் அக்கா. மாலையில் அலமாரி திறந்தபோது ஸ்டூலுக்கு முன்னால் நின்று, "வாஷிங் மெஷின் ஒண்ணு வேணும்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "பழசு?" என்றார்.

"பழசு இல்லை. நம்ம வீட்டுல இதுவரைக்கும் இருந்ததே இல்லையே."

"பழசு இல்லாம புதுசு எப்டி ஏஞ்சல்? ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. இன்னிக்கி உனக்கு ஒடச்சா நாளைக்கி இந்தப் பொண்ணு வந்து புது போனு கேக்கும்."

"கேப்பேன்" என்றாள் மெர்சி, உள்ளேயிருந்து.

எனக்குக் கோபம் வருவது குறைவு. அன்றும் வரவில்லை. சும்மா சொன்னேன்: "பழசு நான்தான். இருபத்து மூணு வருஷமா ஓடியிருக்கு. வலது பக்கம் மாட்டிக்கிச்சு. எடுத்துக்குங்க."

மெர்சி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பூட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. மறுப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

சம்பளம் வாங்குகிறவள்தானே, நீயே போய் வாங்கிக்கொள் என்று நீங்கள் சொல்வீர்கள். வாங்கலாம். அவர் ஒன்றும் சொல்லவும் மாட்டார். ஆனால் மே மாதம் அவர் கம்பெனி ஸ்டோர்ஸ் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வருவார். அதன் பிறகு அவருக்கு இருக்கப்போவது இந்த மர அலமாரி ஒன்றுதான். திட்டத்தை ஆரம்பித்தவளே முதலில் சட்டத்தை மீறினால், அவர் மறுநாளே சாவியை மேசைமேல் வைத்துவிடுவார். ஒரு சத்தமும் வராது. அதை என்னால் பார்க்க முடியாது. தோள் பரவாயில்லை என்று தோன்றுகிறது. டாக்டர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பின்பக்கம், உப்புக் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு, கோழி அடைகிற ஒரு வாஷிங் மெஷின் கிடக்கிறதே, மோட்டார் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதாகச் சொன்னீர்களே, அதை எனக்குக் கொடுங்கள். ஓடாமல் இருந்தால் போதும். ஓடாமல் இருப்பதுதான் முக்கியம். வண்டி வாடகை நான் தருகிறேன். அதைக் கொண்டுபோய் ஸ்டூலுக்கு முன்னால் வைத்து, இதோ பழசு என்பேன். நான் கேட்டதாக மட்டும் சொல்லாதீர்கள். தூக்கிப் போடப்போனேன், உங்கள் ஞாபகம் வந்தது என்று நீங்களாகவே அனுப்பியது போல் இருக்கட்டும். பொய் சொல்லச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் ஞாபகம் இப்போது வந்திருக்கும் அல்லவா.

உங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தோளைத் தனியாக நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு எங்கள் அன்பையும், வீடிழக்கப்போகும் கோழிகளுக்கு என் வருத்தத்தையும் தெரிவியுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டைக் குறைவில்லாமல் காப்பாராக. மிகுதியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள்
ஏஞ்சல்

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்: மேலே எழுதியது எதுவும் இப்போது வேண்டாம். உங்களுக்கே தெரியும். இன்று ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் ஒரு மினி லாரி நிற்கிறது, அதன்மேல் உங்கள் மெஷின். டிரைவர் லோகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "எட்வர்ட் சாரு போன வாரமே கேட்டாராம் டீச்சர். கோழி உள்ள அட காத்துக்கினு இருந்துச்சாம். குஞ்சு பொரிக்கட்டும்னு அக்கா நிறுத்தி வச்சிட்டாங்கோ. அதான் லேட்டு." ஆக, அன்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் உங்களோடுதான் பேசியிருக்கிறார். நீங்களும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் குடும்பத்தில் யாருமே எதையும் சொல்வதில்லை.

மெஷினை இறக்கியதும் அவர் என்னை ஸ்டூலுக்கு முன்னால் நிற்கச் சொன்னார். பழையதை நான்தான் ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைத்தேன். நாளைக்குப் போய்ப் புதியது வாங்கலாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஸ்டோர்ஸ் பழக்கம், பழசு என்று ஒதுக்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். வைக்கோலையும் முட்டை ஓட்டையும் எடுத்து, பினாயில் ஊற்றிக் கழுவி, பின்பக்கத்தைக் கழற்றினார். எலி கடித்த ஒரு வயர். அதை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, பிளக்கை மாட்டினார். பிறகு உள்ளே வந்து, துக்கச் செய்தி சொல்கிறவர் போல, "ஓடுது ஏஞ்சல்" என்றார்.

"ஓடலன்னு சொல்லிடேன் நைனா" என்றாள் மெர்சி.

"ஓடறத எப்டிம்மா ஓடலன்னு சொல்றது?"

இதோ, வாரத் துணி முழுவதும் உள்ளே சுற்றுகிறது. பிழியும்போது மெஷின் அதிர்ந்து அதிர்ந்து கேட்டை நோக்கி நடக்கிறது. அதனால் உங்கள் தம்பி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் செய்தித்தாள், ஆனால் எழுத்து ஆடுவதால் படிக்க முடியவில்லை. "இனிமே நம்மகிட்ட பழசு ஒண்ணு கீது, ஏஞ்சல். என்னிக்கி நிக்குதோ அன்னிக்கே புதுசு" என்று மேலேயிருந்து நடுங்குகிற குரலில் சொன்னார். என் கை மடியில் இருக்கிறது. அதற்கு இன்று வேலை இல்லை, இந்தக் கடிதத்தைத் தவிர.

மோட்டார் போய்விட்டது என்று சொன்ன மெக்கானிக்கை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். மெஷின் ஓடுகிறது என்று தெரிந்தால் நீங்கள் திருப்பிக் கேட்பீர்களோ என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். தாராளமாகத் தருவதாகச் சொல்லச் சொன்னார். பழையது ஒன்றை நீங்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம்.