பசையண்ணனும் ஆறு அம்புகளும்

கோயம்புத்தூரில் ஒட்ட முடியாத பொருள் என்று ஒன்று இருந்தால், அதைப் பசையண்ணன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, வண்டிகளின் பிரேக்குக்கு லைனிங் ஒட்டுகிற சின்னக் கடை அவருடையது. கடைக்குப் பின்னால் வில்வித்தை மைதானம். அதனால் அம்பு உடைந்தாலும் அவரிடம்தான் போவார்கள்.

குழந்தைகளே, நம் ஊரில் மனிதர்களுக்கு மரியாதை கொடுப்பார்கள், உங்களுக்கே தெரியும். பசையண்ணன் பசைக்கும் மரியாதை கொடுப்பார். அலமாரியில் இருக்கிற டியூப்களைக் காட்டி, "இவருங்க அவசரக்காரருங்க. பத்து எண்றதுக்குள்ள ஒட்டிப்போடுவாருங்க. ஒரு இடி இடிச்சா உட்டுட்டு ஓடிருவாருங்க. அந்த ரெண்டு டியூப்பையும் கலக்குறோமில்லீங்க, அவரு பெரியவருங்க. ஒரு நாள் பூராத் தொடக் கூடாது. அப்புறம் யானை இழுத்தாலும் வரமாட்டாருங்க" என்பார். ஏதோ பெண் வீட்டுக்கு மாப்பிள்ளைகளைப் பற்றித் தகவல் சொல்வது போல இருக்கும்.

ஒருமுறை ஒருவர் அறுந்த செருப்பைக் கொண்டுவந்தார். பசையண்ணன் பசையை எடுக்கவில்லை. "ஏனுங்க, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார். அந்த மனிதர் ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை மூன்று தடவை போய் வந்தார். "நீங்க குதிகாலை இழுத்து நடக்கறீங்க. இதுக்கு வளைஞ்சு குடுக்கறவருதானுங்க ஆகும்" என்று சொன்ன பிறகுதான் டியூப்பைத் திறந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் மட்டும் எப்போதும் நூலில் கட்டியிருக்கும். கேட்டால், "அதுக்கு இன்னும் சரியானவரு அமையலீங்க" என்பார்.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினான்கு வயது. வில்வித்தை பழகிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தவை ஆறே ஆறு கார்பன் அம்புகள்; மாற்று அம்பு கிடையாது. கார்பன் அம்பு உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். முன்பக்கம் இன்சர்ட் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டை உள்ளே வைத்து ஒட்டுவார்கள். அதில்தான் கூர்முனையைத் திருகுவது. பசை சரியில்லை என்றால், இலக்குப் பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது அம்பு கையோடு வரும், முனை பலகையிலேயே தங்கிவிடும்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் அப்படித்தான் ஆயிற்று. இரண்டு அம்புகள் முனையில்லாமல் வந்தன. மறுநாள் காலை கோபிசெட்டிபாளையத்தில் தேர்வுப் போட்டி. இரண்டு வருடமாக அவள் காத்திருந்த போட்டி அது.

நான் பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். இரும்பையே கடைகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். வீட்டிலிருந்த அவசரக்காரரை, அதாவது உடனே ஒட்டுகிற பசையை, எடுத்து இன்சர்ட்டில் தடவி அம்புக்குள் அழுத்தினேன். அம்பின் பின்பக்கத்து மூடியைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே அகப்பட்ட காற்று இன்சர்ட்டைத் திரும்பத் தள்ளியது. பாதி வெளியே வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. அம்பு நாக்கை நீட்டியபடி நின்றது. இன்னொன்றும் அப்படியே. கூடவே என் கட்டைவிரலும் இரண்டாவது அம்போடு ஒட்டிக்கொண்டது.

என் மனைவி ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் விரலில் அம்போடு நான். சிக்னலில் ஒரு பஸ் எங்களுக்கு வழி விட்டது.

பசையண்ணன் என் விரலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். "ஏனுங்க தம்பி, பின்மூடியக் கழட்டாம அழுத்துனீங்களா? உள்ள இருக்கற காத்து எங்கீங்க போகும், கோபிக்கா?" பிறகு இன்சர்ட்டை ஒரு தட்டுத் தட்டித் திருகினார். இரண்டும் கையோடு வந்தன. "பாத்தீங்களா, ஒரு தட்டுக்கே உட்டுட்டுப் போயிட்டாரு."

சைக்கிளில் பின்னாலேயே வந்துவிட்ட தர்ஷினி, "அண்ணா, பெரியவரைப் போட்டு ஒட்டுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர்.

"அவருக்கு முழுசா ஒரு நாள் வேணும் கண்ணு. நாளைக்குக் காத்தால பாதி வெந்த சோறாட்ட இருப்பாரு." அலமாரியை வெகு நேரம் பார்த்தார். பிறகு மெழுகு போலிருந்த ஒரு பசைக் குச்சியை எடுத்தார். "இவரு உருக்கி ஊத்தறவரு. அஞ்சு நிமிசத்துல கெட்டியாயிருவாரு, இடிச்சாலும் தாங்குவாரு. ஒரே ஒரு குறைங்க. வெயிலு ஆகாது. கறுப்பு அம்பு, மே மாச வெயிலு. இளகிப்போடுவாரு." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "சரி, இவரையே வெப்போம்."

அம்புகளின் உட்புறத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். பின்மூடிகளைக் கழற்றினார். இன்சர்ட்டை மட்டும் இடுக்கியில் பிடித்துச் சூடுகாட்டினார். "கார்பனுக்குச் சூடு காட்டுனா நார் நாராப் பிரிஞ்சுருவாருங்க." பசையை உருக்கிப் பூசி, சுழற்றிக்கொண்டே உள்ளே செலுத்தி, தண்ணீரில் முக்கினார். ஒட்டு தாங்குகிறதா என்று பார்க்க, அம்பின் முனையில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு, அரை மணி நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நாங்கள் கோபி மைதானத்துக்குப் போனபோது, எங்களுக்கு முன்பே அவர் அங்கே வந்து நின்றிருந்தார். கையில் பெரிய கறுப்புக் குடை, தோளில் ஈரத் துண்டு. அம்புக் கூட்டை வாங்கி ஈரத் துண்டால் சுற்றி, அதற்குக் குடை பிடித்தார்.

ஒரு அதிகாரி வந்து, "ஏனுங்க, நீங்க கோச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் அம்போட வந்தவனுங்க."

வெயில் ஏறியது. தர்ஷினிக்கு முகமெல்லாம் வியர்வை. என் மனைவி, "ஏனுங்கண்ணா, புள்ளைக்கும் கொஞ்சம் குடையப் புடிங்க" என்றாள்.

"அம்மணிக்கு வேர்த்தாத் தொடச்சுக்கலாங்க. இவருக்கு வேர்த்தா ஆட்டமே முடிஞ்சுது" என்றார். குடை அசையவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் தர்ஷினி பலகைக்குப் போய் அம்பைப் பிடுங்கும்போது பசையண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அவள் அங்கிருந்தே அம்புகளைத் தூக்கிக் காட்டுவாள். நான், "ஆறும் இருக்குதுங்க" என்பேன். அப்புறம்தான் மூச்சு விடுவார். ஒரு சுற்றில் ஒரு அம்பு மட்டும் பலகையில் இறுகி நின்றது. காலை ஊன்றி இழுத்தாள். பசையண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்பு முனையோடுதான் வந்தது.

கடைசிச் சுற்று முடிந்து பட்டியல் ஒட்டினார்கள். தேர்வானவர்களில் கடைசிப் பெயர் தர்ஷினியுடையது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். பசையண்ணன் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த இரண்டு முனைகளையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டே போன பிறகுதான் கவனித்தோம். அவருடைய பின்கழுத்து முழுதும் வெயிலில் கன்றிச் சிவந்து கிடந்தது. தர்ஷினி தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

"வேண்டாங்க கண்ணு. பசைக்கு எண்ணெய்தான் மொத எதிரி. கையில ஒரு சொட்டுப் பட்டாலும் நாளைக்கு வேலை ஓடாது."

"கையில வேண்டாங்கண்ணா. கழுத்தைக் குடுங்க."

பசையண்ணன் இரண்டு கைகளையும் எண்ணெய் படாமல் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.