மாமாவின் பூசணிக்கொடியும் என் மார்கழிக் கோலமும்

படித்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பள்ளியில் ஐந்தாம் பாரத்தில் பூவின் படம் வரைந்து, மகரந்தம், சூலகம் என்று அம்புக்குறி போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். (திருத்திய டீச்சர் என்னை மன்னிக்க வேண்டும்.)

எண்பதுகளில் கல்யாணமாகி மலேசியாவின் ஆயர் ஈத்தாம் ஊருக்கு வந்த முதல் மார்கழி. புகுந்த வீட்டில் நல்ல பெயர் வாங்க வேண்டாமா? தினமும் விடிந்ததும் வாசலில் கோலம் போட்டு, பால்காரரிடம் கேட்டு வாங்கிய சாணியை உருட்டி, அதில் பூசணிப்பூ குத்தி வைப்பேன். பாசாரில், அதாவது சந்தையில், வாங்கிய பூ என்று எல்லோரும் நினைத்தார்கள். பறித்ததோ மாமனார் பின்புறம் உயிராய் வளர்த்த கொடியில். அடியில் பிஞ்சு உள்ள பூவைத் தொடமாட்டேன். வெறும் காம்போடு நிற்கும் பூக்களை மட்டும் ஒன்றுவிடாமல் பறிப்பேன். காய்க்காத பூ இருந்தென்ன, போயென்ன? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் அன்னதானத்தில் சாம்பாருக்குத் தன் பூசணிதான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மாமா கொதித்துப்போனார். பக்கத்து வீட்டுக் கோபால் அண்ணன் மிளகாய்ச் செடிக்கு மருந்தடிப்பவர்.

"உன் மருந்துலதான் தேனீயெல்லாம் செத்துப்போச்சு. இனிமே என் வீட்டுப் படி ஏறாதே," என்றார் மாமா. இருபது வருடம் ஒன்றாகக் காப்பி குடித்தவர்கள்.

தேனீ என்று காதில் விழுந்த பிறகுதான் எனக்குப் பாடப்புத்தகம் ஞாபகம் வந்தது. நான் பறித்ததெல்லாம் ஆண் பூ. மகரந்தமே இல்லாத கொடியில் தேனீ எதைச் சுமந்துகொண்டு பெண் பூவுக்குப் போகும்? அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திடீரென்று கோலத்தில் பூ நின்றால் மாட்டிக்கொள்வேனே என்று பறிப்பதையும் நிறுத்தவில்லை. இப்படியே நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலை, கோபால் அண்ணன் எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கோலத்தைக் குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்க கொடிப் பூவா?"

தலையாட்டினேன்.

"எல்லாமே ஆண் பூ லா," என்றார் மெதுவாக. (கத்தியிருந்தால்கூடத் தேவலை.)

பேச்சுச் சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அந்த நான்கு நாளையும் சேர்த்து. மாமா படியிறங்கிப் போய்க் கோபால் அண்ணன் கையைப் பிடித்து, "என் தப்புதான்பா, உள்ள வா," என்றார். நான் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றேன்.

பிற்பாடு என் மகள் கல்யாணத்தில் கோபால் அண்ணன் மேடையருகே நின்று அறிவித்தார்: "மாப்பிள்ளைய தங்கச்சி கண்ணுல காட்டாதீங்க லா. விடியறதுக்குள்ள பறிச்சு சாணியில குத்தி வெச்சிடும்."

மண்டபமே சிரித்தது. இப்போது பேரப்பிள்ளைகள்வரை அந்தக் கதை தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்த நான்கு நாளைப் பற்றி மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.