இரண்டாவது கட்டத்தில் கையெழுத்து

அந்தக் கல்லூரியில் பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே ஒரு புகார்ப் பதிவேடு இருந்தது. பச்சை அட்டை, இருநூறு பக்கம். அதைக் கட்டிக் காக்கும் பொறுப்பு அலுவலகக் குமாஸ்தா அம்மாவுடையது. பதினோரு வருஷமாக அதில் ஓர் எழுத்து விழவில்லை. காலையில் வந்ததும் சாமி படத்தைத் துடைப்பதுபோல் அதைத் துடைத்து வைப்பாள். வருஷா வருஷம் மேலிடத்துக்குப் "புகார்கள்: இல்லை" என்று கடிதம் போகும். மேலிடமும் பாராட்டி எழுதும்.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்த நிர்வாகத்தில், கடைசி வருஷ மாணவி ஒருத்தி விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் போனபின் துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

குமாஸ்தா அம்மா படித்தாள். அவள் வீட்டிலும் கல்லூரிக்குப் போகும் வயசில் ஒருத்தி இருக்கிறாள். ஆனாலும் விதி விதிதானே?

"எல்லாம் சரி கண்ணு. ரெண்டாவது கட்டம் காலியா இருக்கே? அதுல துறைத்தலைவர் கையெழுத்து வேணும்."

"அவர் மேலதாம்மா புகாரே!"

"அது அஞ்சாவது கட்டம். ரெண்டைத் தாண்டினாத்தானே அஞ்சுக்கு வர முடியும்?"

"என் மேல கை வெச்சவர்கிட்டயே போய் நிக்கணுமா?"

"மரியாதையா கேளு. போடுவார்."

மறுநாள் துறைத்தலைவர் அறை வாசலில் முந்நூறு மாணவ மாணவிகள் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கொரு விண்ணப்பத்தோடு. "சார், உங்க மேல புகார். ஒரு கையெழுத்து." அவர் பின்பக்க ஜன்னல் வழியாக வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் மாடிப்படியை நிறைத்து உட்கார்ந்துகொண்டு கோஷம் போட்டார்கள்.

முதல்வர் அவசரக் கூட்டம் கூட்டினார். அந்த வருஷம் எல்லாக் கல்லூரிகளிலும் விழிப்புணர்வு வாரம்தான் நாகரிகம். ஆகவே ஊதா ரிப்பன் வந்தது. நின்று படம் பிடித்துக்கொள்ள அட்டைச் சட்டம் வந்தது. ஆபத்து வேளையில் உரக்கக் கத்துவது எப்படி என்று மாணவிகளுக்குப் பயிற்சி. வளாகத்துக்குள் உரக்கக் கத்தக் கூடாது என்று சுற்றறிக்கை. இரண்டுக்கும் கீழே முதல்வரின் கையொப்பம்தான். வாரத்தைத் தொடங்கிவைக்கப் பணியில் மூத்தவர் வேண்டுமே? துறைத்தலைவரையே அழைத்தார்கள்.

மேடையில் அவர் முன்னால் 'பெண்மையைப் போற்றுவோம்' உறுதிமொழி அட்டைகள் குவிந்திருந்தன. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். எந்தக் காகிதத்தைத்தான் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? மாணவி நடுவில் தன் விண்ணப்பத்தைச் செருகியிருந்தாள். அதிலும் விழுந்தது, அடியில் கோடு இழுத்து, அழகாக.

"இந்தாங்கம்மா, ரெண்டாவது கட்டம்."

முதல்வர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வாங்காதீங்க! பதினோரு வருஷப் பேரு போயிடும்!"

"உரிய வழியா வந்துடுச்சே சார். வாங்காம இருக்க விதி இல்லையே."

மனசுக்குள் ஆண்டவனை வேண்டிக்கொண்டு, பச்சை அட்டையைத் திறந்து எழுதினாள். எண்: ஒன்று.

விசாரணை முடியும்வரை பிள்ளைகள் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. குற்றம் நிரூபணமானது. அதற்குத் தண்டனையாக, 'சொந்தக் காரணங்களுக்காக' வேலையை விட்டுவிடத் துறைத்தலைவருக்கு அனுமதி வழங்கப்பட்டது. போகிறவருக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். குமாஸ்தா அம்மாதான் டைப் அடித்தாள். பொய் எழுத அவளுக்கு மனம் வராது. பதிவேட்டைப் பார்த்து உள்ளதை உள்ளபடி அடித்தாள்: 'பதினோரு ஆண்டுகள் இவர்மீது புகார் ஏதும் இல்லை.' பன்னிரண்டாவது வருஷம் இன்னும் முடியவில்லை. முடியாத வருஷத்தைச் சேர்க்க விதி இல்லை.

புது வருஷச் சேர்க்கை வந்தது. பெற்றவர்கள் ஜன்னலோரம் வந்து ரகசியமாகக் கேட்டார்கள்.

"இங்க புகார் ஏதாவது உண்டாம்மா?"

"ஒண்ணு. ஆனா விசாரிச்சு அவரை அனுப்பி..."

"ஐயையோ! வாடி, போயிடலாம்."

மத்தியானத்துக்குள் ஜன்னலோரம் வெறிச்சோடிவிட்டது. அப்போது குமாஸ்தா அம்மாவின் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"நம்ம சின்னவளை எதிர்த்தெரு காலேஜுல சேர்த்துட்டேன்."

"என்னங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உங்க காலேஜ் பேருதான் கெட்டுப்போச்சே! இங்க முதல்வர் புதுசாம். தங்கமான மனுஷன். பதினோரு வருஷம் ஒரு புகார் இல்லையாம், சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கார். சும்மா நம்பிடுவேனா? ரெண்டு தடவை நின்னு படிச்சேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை."